சுப்பாத்தாள் கேட்ட சத்தம்

பெரியநாயக்கன்பாளையத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு மோட்டார் பழுது பார்க்கப் போகும் நஞ்சப்பனுக்கு ஒரு வினோதமான பழக்கம் உண்டு. செம்புக் கம்பியால் புதுக் காயில் கட்டிய மோட்டாரை மாட்டி, ஓட்டிக் காட்டி, கையில் ஒட்டிய கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே தோட்டத்துக்காரரைப் பார்த்துக் கேட்பான்.

"ஊட்ல எல்லாரும் நல்லாத் தூங்கறாங்களாங்க?"

பெரும்பாலும் சிரிப்பார்கள். "ஏப்பா, மோட்டாரு பாக்க வந்தயா, கட்டிலு பாக்க வந்தயா?" என்று கேலி செய்வார்கள். மந்திரம் கிந்திரம் தெரிந்தவனோ என்று ஓர் அடி தள்ளி நின்றவர்களும் உண்டு. சிரிக்காமல், பதிலும் சொல்லாமல், அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தவர்களும் உண்டு. அந்த வீடுகளுக்கு அவன் கூப்பிடாமலே இன்னொரு முறை போவான்.

அந்தக் கேள்வி அவனுக்கு எப்படி வந்தது என்று சொல்ல, சுப்பாத்தாளிலிருந்து தொடங்க வேண்டும்.

சுப்பாத்தாள் அவனுடைய முதல் மனைவி. எண்பத்தெட்டாம் வருடம் சித்திரையில், மகள் சண்முகப்ரியாவுக்கு எட்டு மாதமாக இருந்தபோது, வீட்டுக்குக் கிழக்கேயுள்ள கிணற்றில் போய்விட்டாள். கால் வழுக்கிவிட்டது என்று ஊர் சொன்னது. நஞ்சப்பனும் அப்படியே சொன்னான். பூவோடும் பொட்டோடும் போனவள் என்பதால் அவளை வீட்டுச் சாமியாக்கிக் கும்பிட்டார்கள். அவளுடைய கூறைச் சேலையை ஒரு மரப்பெட்டிக்குள் மடித்து வைத்து, வருடா வருடம் சித்திரையில் பெட்டிக்கு முன்னால் புதுச் சேலை ஒன்று வைத்துப் படைத்தார்கள். படைத்த சேலையைக் கட்டிக்கொள்ள வேண்டியவள், வீட்டுக்கு அடுத்து வந்த மனைவி.

அவள் கயல்விழி. அப்பா கட்சிக்காரர், அதனால் அந்தப் பெயர். வாய் நிறையப் பேச்சு. ஐந்து வருடத்தில் ஐந்து சேலை அப்படிக் கட்டினாள். ஒவ்வொரு முறையும் முந்தானையை விரித்துப் பார்த்து, "என்ற சக்களத்திக்கு இருக்கற கலரு ஞானம் உங்களுக்கு இல்லீங்க" என்பாள். கடையில் சேலை எடுத்தவன் நஞ்சப்பன்தான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

தொண்ணூற்றாறு சித்திரையில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அதே வாரம் சுப்பாத்தாளின் கும்பிடு. தீட்டு என்று அந்த வருடம் படைக்கவில்லை. பெட்டி மூடியபடியே இருந்தது.

எப்போது தொடங்கியது என்று நஞ்சப்பனால் சரியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் கயல்விழியின் பேச்சு குறைந்தது. ஒரு நாள் குழம்பில் உப்பே இல்லை, மறுநாள் வாயில் வைக்க முடியாத உப்பு. குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். அவள் பக்கத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள். தொட்டிலில் குழந்தை கத்தும். எட்டிய தூரத்தில் இருந்தும் திரும்ப மாட்டாள். குழந்தை அமைதியாகத் தூங்கும்போதோ பத்து தடவை எழுந்து வந்து அதன் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள்.  நெற்றியில் வியர்வை அரும்பும். காலையில் பால்காரன் மணி அடிக்கும் முன்பே விழித்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

"அப்பா, அம்மா எங்கூடப் பேசறாங்க. ஆனா எனக்குப் பின்னாடி ஆரோ நிக்கற மாதிரி அங்க பாத்துட்டே பேசறாங்க" என்றாள் சண்முகப்ரியா.

ஆடி மாதம் ஒரு நாள் மதியம் நஞ்சப்பன் சாப்பிட வீட்டுக்கு வந்தான். வெயில் வெள்ளையாக அடித்தது. கதவு விரியத் திறந்திருந்தது. அடுப்பில் சோறு பொங்கி வழிந்து தீய்ந்த வாடை. உள்ளே, சுப்பாத்தாளின் பெட்டிக்கு முன்னால், கயல்விழி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பாதி வாரிய தலையில் சீப்பு அப்படியே செருகி நின்றது.

"கயலு."

அவள் திரும்பவில்லை.

"அம்மணி, சோறு தீயுது."

"ஆருங்க?" என்றாள், பெட்டியைப் பார்த்தபடியே. கொஞ்சம் கழித்து, "ஓ, நீங்களா" என்றாள்.

 எட்டு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில், இதே வெயிலில், தலையில் செருகிய சீப்போடு இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். நஞ்சப்பன் போய் அடுப்பை அணைத்தான்.

பெருந்துறையில் வாக்கப்பட்டிருந்த அவன் அக்கா மாசாணியம்மாள் தகவல் கேட்டு வந்து இறங்கினாள். கயல்விழியை அரை நாள் பார்த்தாள். சாயங்காலம் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இது சுப்பாத்தா பார்வைடா நஞ்சா. கும்பிடைத் தவற உட்டோமல்ல, வந்துட்டா. பச்சப்புள்ள இருக்கற ஊடு. சும்மா இருக்காத."

வெள்ளிக்கிழமை மதியம் உடுக்கைக்காரர் தம்பிதுரை வந்தார். நல்ல மனிதர்தான், அவர் அப்பாவும் இதே வேலைதான் பார்த்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். எட்டு வருடம் மடித்தே கிடந்த கூறைச் சேலையை எடுத்து மாசாணியம்மாள் கயல்விழிக்குக் கட்டிவிட்டாள். மடிப்பு மடிப்பாக நிறம் வெளுத்திருந்தது. கயல்விழி கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினாள். இறக்கச் சொல்ல மறந்தால் தூக்கியபடியே நின்றாள்.

உடுக்கைச் சத்தம் வீட்டை அடைத்தது. சாம்பிராணிப் புகைக்குள் அவள் முகம் யாருடையதாகவும் இருக்கலாம் போலிருந்தது.

"ஆரு அம்மணி நீ? பேரைச் சொல்லு."

 உடுக்கை இன்னும் வேகமாக அடித்தது.

"பேரைச் சொல்லு சாமி. எதுக்கு வந்தே?"

"ஆரா இருந்தா என்னங்க" என்றாள் கயல்விழி, தரையைப் பார்த்து. "சுப்பாத்தான்னே வெச்சுக்கங்க."

மாசாணியம்மாள் ஐயோ என்று வாயைப் பொத்தினாள். தம்பிதுரை உடுக்கையை நிறுத்தினார்.

"என்ன வேணும் தாயி உனக்கு?"

"சத்தம் நிக்கோணுங்க."

"என்ன சத்தம்?"

"மண்டைக்குள்ள மோட்டாரு ஓடுது. தண்ணியில்லாத கெணத்துல ஓடுமல்லங்க, அதாட்ட. நிறுத்தலாம்னா சுவிச்சு எங்க இருக்குதுன்னு தெரியல."

சுவரோரம் நின்றிருந்த நஞ்சப்பன் மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

அந்த வார்த்தைகளை அவன் ஏற்கெனவே கேட்டிருக்கிறான். சுப்பாத்தாள் சாவதற்கு ஒரு வாரம் முன்னால், சோறு போட்டுக்கொண்டே, அதே வார்த்தைகளைச் சொன்னாள். அவன் அன்று சிரித்தான். "மோட்டார்க்காரன் பொண்டாட்டிக்கு மண்டையிலயும் மோட்டாரா?" என்றான். அவளும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது. அதை அவன் அக்காவிடம் சொன்னதில்லை. கயல்விழியிடம் சொன்னதில்லை. எவரிடமும் சொன்னதில்லை.

தம்பிதுரை நாள் குறித்தார். வரும் புதன்கிழமை ஆடி அமாவாசை. உச்சிவெயிலில் இதே சேலையோடு அவளை அந்தக் கிணற்றுக்குக் கூட்டிப்போக வேண்டும். விளிம்பில் நின்று அவள் கையாலேயே சேலையை உள்ளே விட வேண்டும். சேலையோடு மூத்தவள் போய்விடுவாள்.

"கெணத்தோரத்துலயா நிக்கோணும்?" என்று கேட்டான் நஞ்சப்பன்.

"எந்த வழியில வந்தாங்களோ அந்த வழியிலதானுங்க அனுப்போணும்."

இன்னும் ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் முதல் இரண்டு நாளும் நஞ்சப்பன் தன் மனைவியின் அருகில் போகப் பயந்தான். அவளிடமிருந்து வந்த மஞ்சள் வாசனை, பெட்டிக்குள்ளிருந்து வந்ததுபோல இருந்தது.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனான். முதலாளி கோவிந்தராஜுலு சின்ன வயதில் தானே காயில் கட்டிப் பழகியவர்; இப்போதும் பெஞ்சில் உட்காராமல் இருக்க மாட்டார். ஒரு தோட்டத்திலிருந்து எரிந்த மோட்டார் ஒன்று வந்திருந்தது. நஞ்சப்பன் அதைப் பிரித்தான். கருகிய இடத்தைப் பார்த்ததும் கை நின்றது.

"ஏனுங்க, இந்தத் தோட்டத்துக்குப் போன ஐப்பசியில ஒரு மோட்டாரு பாத்தமல்லங்க. அது அடியோட போயி, இது புதுசு. ஆனா அதே எடத்துல, அதே மாதிரி எரிஞ்சிருக்குது. பேய் புடிச்ச மாதிரி இருக்குதுங்க."

கோவிந்தராஜுலு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"செத்த மோட்டாரு வந்து புது மோட்டாருக்குள்ள பூந்துக்கிச்சாக்கும்? இத்தன வருசம் திருப்புளியக் காதுல வெச்சு பேரிங் சத்தம் கேட்டவன் பேசற பேச்சா இது? ரெண்டும் ஒரே மாதிரி எரிஞ்சா, மொதல்ல எரிச்சது எதுவோ அது இன்னும் லைன்லயே நிக்குதுன்னு அர்த்தம். மோட்டாரைப் பாத்துக் கும்பிடாத. போயி லைனைப் பாரு."

நஞ்சப்பன் கையிலிருந்த கருகிய கம்பியைக் கீழே வைத்தான்.

கயல்விழிக்குள் வந்திருப்பது சுப்பாத்தாள் அல்ல. சுப்பாத்தாளைக் கொண்டுபோனது.

அப்படி நினைத்ததும் பயம் போகவில்லை, கூடியது. சுப்பாத்தாள் என்றால் தெரிந்தவள், அவன் கையால் தாலி வாங்கியவள், கெஞ்சினால் இரங்குவாள். இதற்கு முகமே இல்லை. எட்டு வருடம் இதே வீட்டுப் பக்கம் எங்கேயோ காத்திருந்து திரும்பி வந்திருக்கிறது. புதன்கிழமை உச்சியில் அவர்களே அதன் கையில் அவளைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்கள்.

"வாரேனுங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் சாஜிதா பேகம் தடுப்பூசிப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு எடை போட வீட்டுக்கு வருபவர். நஞ்சப்பன் வாசலிலேயே நின்றான்.

"என்னப்பா, கொழந்தைக்குக் காய்ச்சலா?"

"இல்லீங்க நர்சம்மா." ஒரு படி உள்ளே வந்தான். "என்ற மொதச் சம்சாரம்... கால் வழுக்கலீங்க."

சாஜிதா பேகம் ஈரக் கையைத் துடைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். சிரித்ததையும் சொன்னான். அவர் திட்டவில்லை. கேள்விதான் கேட்டார். கொழந்தை தூங்கும்போதாவது அவங்க தூங்கறாங்களா? சாப்பிடறாங்களா? முன்னாடி எதுக்குச் சிரிப்பாங்களோ அதுக்குச் சிரிக்கறாங்களா? காரணமில்லாம நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு சொன்னாங்களா? நான் எதுக்கும் ஆகாதவள்னு சொன்னாங்களா? ஒவ்வொன்றுக்கும் நஞ்சப்பன் பதில் சொல்லச் சொல்ல, எந்த மனைவியைப் பற்றிச் சொல்கிறோம் என்று அவனுக்கே குழம்பியது.

"இது வியாதிப்பா. புள்ள பெத்தவங்கள்ல சில பேருக்கு வரும், பெக்காதவங்களுக்கும் வரும். டைபாய்டு எப்படி நெசமோ அப்படி நெசம். மருந்து இருக்கு. ஆர்.எஸ்.புரத்துல ஒரு டாக்டரம்மா இருக்காங்க, சீட்டு எழுதித் தாரேன். அதுவரைக்கும் தனியா விடாதீங்க. கெணத்துப் பக்கம் கூடவே கூடாது."

"நான் என்னங்க சொல்லோணும் அவகிட்ட?"

"சொல்ல வேண்டாம், கேளுங்க. சாகலாம்னு தோணுதான்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த நெனப்பு வந்துரும்னு பயப்படாதீங்க. இருக்கற நெனப்ப எறக்கி வெக்க ஒரு ஆளு வேணும், அவ்வளவுதான்."

மறுநாள் மதியம், அக்கா கடைக்குப் போயிருந்த நேரம், நஞ்சப்பன் சமையல்கட்டில் கயல்விழிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். 

"அம்மணி. செத்துப்போயிரலாம்னு தோணுதா உனக்கு?"

இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சுப்பாத்தாளும் அந்தச் சத்தத்தைச் சொன்னா. அன்னைக்கு நான் சிரிச்சுப்போட்டேன்."

கயல்விழி வெகுநேரம் அழுதாள். அழுகை ஓய்ந்தபின் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்கு எதுக்கு சுப்பாத்தான்னு சொன்னேன் தெரியுங்களா? கயல்விழியா இருந்தவரைக்கும் உனக்கு என்ன வேணும்னு ஆருமே கேக்கலீங்க."

புதன்கிழமை காலை. மாசாணியம்மாள் கூறைச் சேலையை உதறி வைத்திருந்தாள். நஞ்சப்பன் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, கயல்விழியின் கையைப் பிடித்து வாசலுக்கு வந்தான். விஷயம் தெரிந்ததும் அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டருகிட்டயா? ஊரு என்ன பேசும்? நாளைக்குப் பிரியாவ ஆருடா கட்டுவா?"

"அக்கா. சுப்பாத்தா கால் வழுக்கலக்கா."

மாசாணியம்மாளின் கை கதவு நிலையில் அப்படியே நின்றது. தெருவில் ஒரு டெம்போ போய் ஓய்ந்தது.

"எனக்குத் தெரியும்டா" என்றாள் மெதுவாக. "அன்னைக்கு நானும் இங்க வந்திருந்தேனல்ல, கெணத்துக்கு மொதல்ல போனது நாந்தான். செருப்பு ரெண்டும் ஜோடியா, ஓரமா, கழட்டி வெச்சிருந்துச்சு. வழுக்குனவ செருப்பக் கழட்டி வெப்பாளா? ஆரும் பாக்கறதுக்குள்ள எடுத்து மடியில கட்டிட்டேன். என்ற பொட்டியில இன்னும் இருக்குது."

எட்டு வருடமாக இரண்டு பேரும் ஒரே பொய்யை, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் காத்து வந்திருக்கிறார்கள்.  மாசாணியம்மாள் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு அவன் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"நட. பஸ்ஸு போயிரும்."

உச்சிவெயில் ஏறும்போது மூவரும் ஆர்.எஸ்.புரத்துக் கிளினிக்கின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கிணற்றோரத்தில் தம்பிதுரை தனியாக நின்று பார்த்துவிட்டு, உடுக்கையைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

டாக்டரம்மா கயல்விழியோடு ஒரு மணி நேரம் பேசினார். பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற மாத்திரை எழுதினார். உடனே தெரியாது, மூன்று வாரமாவது ஆகும். சரியானபின்பும் தானாக நிறுத்தக் கூடாது என்றார். கிளம்பும்போது நஞ்சப்பன் திரும்பி வந்து நின்றான்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வந்துருக்குதுங்க. அப்ப நாந்தானுங்களா காரணம்?"

"இல்லை" என்றார் அவர். "உங்களால வந்த வியாதி இல்லை. ஆனா அவங்க தூங்கணும். ராத்திரி கொழந்தை அழுதா நீங்க எந்திரிங்க."

முதல் இரண்டு வாரமும் ஒன்றும் மாறவில்லை. ஒரு நாள் முன்பைவிட மோசமாகக்கூட இருந்தது. அன்றைக்கு நஞ்சப்பன் பட்டறைக்குப் போகாமல் கதவோரத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட மாசாணியம்மாள், மாத்திரையை முந்தானையில் முடிந்துவைத்து நேரத்துக்குக் கொடுத்தாள். ஆவணிக் கடைசியில் ஒரு காலை, சோற்றை வாயில் வைத்த கயல்விழி நாத்தனாரைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"ஏனுங் நங்கை, கொழம்பா இது? உப்புச் சட்டிய ஆரு கவுத்தது?"

மாசாணியம்மாள் அடுப்படியில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சமைக்கத் தெரிஞ்சவ எந்திரிச்சு வந்து செய்யறது" என்றாள்.

அடுத்த சித்திரையில் சேலையைக் கயல்விழியே போய் எடுத்துவந்தாள். பெட்டியைத் திறந்தார்கள். மாசாணியம்மாள் மடியிலிருந்து ஒரு பழைய செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு செருப்புகளையும் பெட்டிக்கு முன்னால் ஜோடியாக வைத்தாள். வார் ஒன்றில் இன்னும் கொஞ்சம் சேற்றுக்கறை இருந்தது. காற்றே இல்லாத மதியம். ஆனாலும் விளக்குச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். 

சண்முகப்ரியா அந்தச் செருப்பின் பக்கத்தில் தன் பாதத்தை வைத்து அளவு பார்த்தாள். நஞ்சப்பன் பெட்டிக்கு அருகில் குனிந்தான். மோட்டாருக்குப் பக்கத்தில் எப்படிக் காதை வைப்பானோ அப்படி. ஒன்பது வருடத்துக்கு முன்னால், சோற்றுத் தட்டோடு நின்றவளிடம் கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டான்.

"நல்லாத் தூங்கறயா, சுப்பாத்தா?"

உள்ளிருந்து எந்தச் சத்தமும் இல்லை. அவன் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தான்.